சொல்லாமல் கொள்ளாமல்

போன் பண்ணியிருக்கக் கூடாது என்பது நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் குழந்தைவேலுவுக்கு உறைத்தது. உட்கார்ந்த உடனேயும் இல்லை. தமயந்தி சிரித்த முகமாக "வாங்கண்ணா" என்று கூப்பிட்டு, ஃபேனைத் தட்டிவிட்டு, அவர் பையிலிருந்து எடுத்து நீட்டிய மூடி போட்ட சின்ன டப்பாவைப் பார்த்து ஒரு நொடி தயங்கி, "இதென்னங்கண்ணா புதுசா?" என்று கேட்டு, அவர் "ஒண்ணுக்குத்தான் அம்மிணி, டாக்டரம்மா கேட்டாங்க" என்று சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சொல்ல, அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் போய், அங்கே கக்கூசின் தகரக் கதவு கீச்சிட்டுச் சாத்திக்கொண்ட பிறகுதான். அந்தக் கீச்சோடு சேர்ந்து வந்தது நினைப்பு. காலையில் போன் பண்ணினேனே. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில், ஏழரை மணிக்கு, டீ டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் நம்பரைத் தேடி, "அம்மிணி, பாலிசி விஷயமா வரேன், ஊட்ல இருப்பயா?" என்று கேட்டேனே. "பத்தரைக்கு வாங்கண்ணா, பதினொண்ணுக்கு நான் ஆபீஸ் போகோணும்" என்றாளே. இப்போது பத்தரை. நடுவில் மூன்று மணி நேரம். ஒரு மாத்திரையை விழுங்கி, அது வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, ஒண்ணுக்கைச் சிவக்க வைப்பதற்கு மூன்று மணி நேரம் தாராளம். இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வர வேண்டிய நாள். டாக்டரம்மா நேற்று அந்த வார்த்தையை இரண்டு தடவை சொன்னார். சொல்லாம கொள்ளாமப் போங்க குழந்தைவேலு, போய் நின்ன எடத்துலயே வாங்கிட்டு வாங்க. சரிங்கம்மா என்று தலையை ஆட்டிவிட்டு வந்து, விடிந்ததும் கை தன்பாட்டுக்கு நம்பரை அழுத்திவிட்டது. கையைக் குறை சொல்ல முடியாது. அஞ்சு மாசமாக அதற்கு அப்படித்தான் பழக்கம்.

காசநோய்க்காரர்கள் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. பார்ப்பது என்று அவர் சொல்வார்; அவருக்குச் சம்பளம் தருகிற டிரஸ்ட்டில் அளப்பது என்பார்கள். அரிசியை அளக்கலாம், துணியை அளக்கலாம், ஒரு மனுஷன் காலையில் எழுந்து யாரும் பார்க்காத நேரத்தில் மூன்று மாத்திரையை வாயில் போட்டானா, கொல்லையில் வீசினானா என்பதை எதைக் கொண்டு அளக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் சிரிப்புப் போய்விட்டது. மாசா மாசம் வீட்டுக்குப் போய், டப்பாவைக் கவிழ்த்து, மீதியை எண்ணி, ஃபாரத்தில் எழுத வேண்டும். அதில் ஒரு சூட்சுமம் வைத்திருந்தார்கள். மாசத்துக்குத் தொண்ணூறு மாத்திரைதான் கணக்கு என்றாலும் டப்பாவில் அஞ்சோ பத்தோ கூடுதலாகப் போட்டுத் தருவார்கள். எத்தனை கூடுதல் என்பது ஆளுக்கு ஆள், மாசத்துக்கு மாசம் மாறும். ஆபீஸுக்கு மட்டும்தான் தெரியும். சாப்பிடாமல் ஏமாற்றுகிறவன் எண்ணுகிற ஆள் வருகிறான் என்றதும் மொத்தத்தையும் கொட்டிவிட்டுக் காலி டப்பாவை நீட்டுவான். ஒண்ணுகூட மீதியில்லீங்க சார், சுத்தமா முடிச்சுட்டேன். அங்கேயே மாட்டிக்கொள்வான். தமயந்தி மாட்டவில்லை. முதல் மாசம் ஏழு மீதி இருக்க வேண்டும், ஏழு இருந்தது. அடுத்த மாசம் அஞ்சு, அஞ்சு இருந்தது. ஒன்பது, ஆறு, எட்டு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. நிஜமாகச் சாப்பிடுகிறவர்களிடம் கணக்கு இப்படி இருக்காது. ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டிருக்கும். கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு வேளை மறந்திருக்கும். வாந்தியெடுத்து மறுபடி ஒன்று போட்டிருப்பார்கள். உண்மைக்கு ஒரு கோணல் உண்டு. இத்தனை நேராக இருப்பது எண்ணத் தெரிந்தவர்களின் வேலை. தமயந்திக்கு எண்ணத் தெரியும். லாரி புக்கிங் ஆபீஸில் போனெடுக்கிற வேலை. நாற்பது வண்டி எது எங்கே நிற்கிறது, எதில் எத்தனை டன், எந்த டிரைவர் எந்த ஊரில் லோடு இறக்கிவிட்டுச் சும்மா கிடக்கிறான் என்பதெல்லாம் நோட்டைத் திறக்காமல் சொல்லுவாள். மூன்றால் முப்பதைப் பெருக்கிக் கழிக்க அவளுக்கு எவ்வளவு நேரமாகும்.

பாலிசி விஷயம் என்பது அவள் கேட்டுக்கொண்டது. முதல் தடவை அவர் தேதி மட்டும் சொல்லிவிட்டு வந்தபோது, எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையிலிருந்த பாவாடையைப் பிழியாமலே நின்று பார்த்தாள். இந்தத் தெருவுக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஆபீஸுக்குத் தெரியுங்கண்ணா, ஆபீஸ்ல தெரிஞ்சா அந்த போனை எவனும் தொட மாட்டான், எனக்கு அப்பறம் வேலையில்லீங்க என்றாள் தமயந்தி. அதிலிருந்து அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேண்ட்டுக்குள் சட்டையை விட்டுக்கொள்வார். தோளில் தொங்கும் பை போய் ஜிப் வைத்த கைப்பை வந்தது. வருவதற்கு முன்னால் போன். அவள் எதிர்வீட்டுக்காரி குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்துச் சொல்லுவாள். அவளுக்கு மட்டுமா இப்படி. பதினோரு வீட்டில் அவர் பதினோரு ஆள். ஒரு வீட்டில் சொந்தக்கார மாமா. ஒரு வீட்டில் கேஸ் அடுப்பு சர்வீஸ் பண்ணுகிறவர். சேந்தமங்கலத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் ஜோசியர். பக்கத்து வீட்டு அம்மா கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள், வேறு வழியில்லாமல் வர்ற தையில் நல்ல சேதி வரும் என்று சொல்லி வைத்தார், வந்ததோ வரவில்லையோ. இப்படி ஒளித்து ஒளித்துப் போகிற ஆள் எப்படித் திடீரென்று போய் நிற்பது. திடீரென்று நிற்காவிட்டால் டப்பாவில் இருக்கிற ஒண்ணுக்கு என்ன சாட்சி சொல்லும். இன்றைக்குச் சாப்பிட்டாள் என்று சொல்லும். நேற்றைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்காது. இந்த அஞ்சு மாசத்தைப் பற்றியா கேட்க வேண்டும்.

"காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள் பாப்பாயி. தமயந்தி புருஷனின் அக்கா. ஐம்பது வயசிருக்கும். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பண்ணையிலிருந்து வந்த முட்டைகளை அட்டைத் தட்டுகளில் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல முட்டை கடைக்கு, கீறல் முட்டை பேக்கரிக்கு. "வேண்டாங்க" என்றார். "ஏன், எங்க ஊட்ல குடிச்சா ஒட்டிக்கும்னா?" "அட அதில்லீங்க." "அதில்லைன்னா வேற என்னவாம். அஞ்சு மாசமா வர்றீங்க, பச்சத் தண்ணி குடிச்சதில்ல. நீங்களே பயந்தா நாங்க எங்க போறது?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவரும் சிரித்தார். பயமில்லை, பதினோரு வீட்டில் பதினோரு காப்பி குடித்தால் வயிறு தாங்காது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பாப்பாயி இரண்டு கையிலும் இரண்டு முட்டையை எடுத்து, ஒன்றோடொன்று லேசாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டாள். நல்ல முட்டையாக இருந்தால் கணீரென்று ஒரு சின்னச் சத்தம். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அமுங்கின சத்தம், ஈரத்துணியைத் தட்டினது போல. பார்க்காமலே பிரித்துக்கொண்டு போனாள். கண்ணு பொய் சொல்லுமுங்க, இது சொல்லாது என்றாள். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தார். கேட்க ஆரம்பித்ததும் மற்றச் சத்தமெல்லாம் வந்தது. தெருக்கோடியில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் தகட்டை அடிக்கிற சத்தம். யாரோ புது ஏர் ஹாரனை அமுக்கிப் பார்க்கிறார்கள், மூன்று சுரமாக வருகிறது. மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் டக் என்கிறது. பொடக்காளியில் வாளியில் தண்ணீர் விழுகிறது. எதிர்வீட்டில் குக்கர். காது போனால் இதில் எது முதலில் போகும் என்று நினைத்தார். மெல்லிசான சத்தம்தான் முதலில் போகும் என்று படித்திருக்கிறார். குக்கர் விசில் போகும், முட்டை போகும், போன் மணி போகும். பட்டறைச் சத்தம் கடைசியில் போகும். வலது காதில் சுண்டுவிரலை விட்டு அடைத்துப் பார்த்தார். பிறகு இடது காதையும். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. பாப்பாயியின் வாய் அசைந்தது. விரலை எடுத்தார். "காதுல என்னங்க, குளிச்ச தண்ணி போயிருச்சா?" "ஆமாங்க" என்றார்.

டாக்டரம்மா நேற்று மேஜையில் இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஜெசிந்தா என்று பெயர், மெட்ராஸ்காரர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஒரு காகிதம் தமயந்தியின் சளி ரிசல்ட்டு, அஞ்சாம் மாசம் முடிந்தும் கிருமி அப்படியே இருக்கிறது. இன்னொன்று குழந்தைவேலுவின் ஃபாரம், நூற்றுக்கு நூறு. இது ரெண்டும் ஒண்ணா நிக்காதே குழந்தைவேலு என்றார். எது பொய்யின்னு எனக்குத் தெரியணும். அந்தப் பொண்ணு மாத்திரை போடலைன்னா சந்தோஷம், இதே மாத்திரையை உங்க கண்ணு முன்னாடி தினம் முழுங்க வைங்க, ஆறு மாசத்துல எந்திரிச்சிடுவா. ஒழுங்காப் போட்டும் இப்படி இருக்குன்னா கிருமி மருந்துக்கு மசியல. அப்ப வேற மருந்து, ரெண்டு வருஷம் ஆகலாம், தினம் ஊசி. ஊசி சில பேருக்குக் காதை அடிக்கும். போனது திரும்பி வராது. கிருமியை வளத்துப் பாக்க மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கேன், அது வர ரெண்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் அவ நுரையீரல் காத்துட்டு இருக்காது, நான் இந்த வாரமே ஒரு பக்கம் முடிவு பண்ணணும். சந்தோஷம் என்று டாக்டரம்மா சொன்ன வார்த்தையை ராத்திரியெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சரிதான். அவள் பொய் சொல்லியிருந்தால் சந்தோஷம். உண்மையாக இருந்தால் ஊசி. ஒன்பது வருஷமாக ஆட்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படியேறியவர் இன்றைக்குத்தான் முதல் தடவையாக, இவள் திருடியாக இருக்க வேண்டும், என்னை அஞ்சு மாசம் நன்றாக ஏமாற்றியிருக்க வேண்டும், மஞ்சளாக வர வேண்டும், பச்சைத் தண்ணீர் மாதிரி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படியேறினார். கடவுளிடம் கேட்கிற மாதிரி கேட்கவில்லை. பஸ் வர வேண்டும் என்று நினைப்பது மாதிரி.

ஏமாற்றுகிறவர்களை அவருக்குப் பிடிக்கும். அவர்களிடம் ஒரு முயற்சி இருக்கிறது. மாத்திரையை ஒருவன் ஃபேனின் மேல்கிண்ணத்துக்குள் போட்டு வைத்திருந்தான், ஃபேனைப் போட்டதும் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். ஒரு கிழவர் பூஜையறையில் விபூதிச் சட்டிக்குள் புதைத்திருந்தார், சாமியே பாத்துக்கட்டும் என்று. மோகனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கோழி எச்சம் செங்கல் பொடி போலச் செங்காமட்டை நிறத்தில் கிடந்தது. குழந்தைவேலு வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார். வீட்டுக்காரனும் பார்த்தான். கோழி மட்டும் ஒன்றும் தெரியாதது போலக் கொத்திக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டது அது ஒன்றுதான். அன்றைக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள், சிரித்த பிறகு அவன் மாத்திரை போட ஆரம்பித்தான். திருடனைக் கண்டுபிடித்தால் கதை முடிந்துவிடுகிறது. சாப்பிடாதவன் சாப்பிட ஆரம்பிப்பான், அவ்வளவுதான். சாப்பிட்டவளை நம்பாமல் போவதுதான் முடிகிறதே இல்லை. இந்த இடத்துக்கு நினைப்பு வந்ததும் அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் மனைவி மரகதம் நினைப்புக்குள் வருகிற வழி அது. அவர் காலண்டரைப் பார்த்தார், ஏதோ டயர் கடைக் காலண்டர், முருகன் படம். வந்துவிட்டாள்.

மரகதத்துக்கு வலிப்பு. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ஆரம்பித்தது. அவர் அப்போது ஆஸ்பத்திரிக்கு எதிரே ராப்பகலாகத் திறந்திருக்கும் மருந்துக்கடையில் ராத்திரி ஷிப்ட். எட்டாவதோடு படிப்பை விட்டவர். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை டிக்ஷனரி வைத்துக்கொண்டு படித்துப் படித்துத்தான் இங்கிலீஷ் வந்தது. படிக்கப் படிக்க எல்லாம் தெரியும் என்று ஆகிவிட்டது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வேளை தப்பாமல் போட்டால் வலிப்பு வராது என்று காகிதம் சொன்னது. வலிப்பு வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் போடவில்லை. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் அட்டையை எடுத்து எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருக்கும். சரியாக இருந்ததால் சந்தேகம் கூடியது. அட்டையில் பேனாவால் புள்ளி வைத்தார். குப்பையைக் கிளறினார். பிறகு ஒரு நாள், நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு துப்புகிறாள் என்று தோன்றியது, வாயைத் தொற என்றார். திறந்தாள். அடுத்த நாளும் சொன்னார். கொஞ்ச நாளில் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலையிலிருந்து வரும்போது வாசலில் நின்றுகொண்டிருப்பாள், அவர் ஒரு படி ஏறியதும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் காட்டிவிட்டு, உள்ளே போய் அடுப்பு மூட்டுவாள். சண்டை போடவில்லை. அழவில்லை. பதினாலு மாசம். அப்புறம் கரூரில் அண்ணன் வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். அங்கே ஒரு டாக்டர் அவளுக்குக் கொடுத்த அளவு போதாது என்று ஒன்றை ஒன்றரையாக்கினார். வலிப்பு நின்றுவிட்டது. மச்சான் போனில் சொன்னார், ஒன்றும் குத்தலாகச் சொல்லவில்லை, மாப்ள, அளவுதானாம் பத்தல என்றார். அவள் அத்தனை நாளும் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு வேளையும். ஒரு தடவை கரூர் போனார். மரகதம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஏதோ பேச வாயைத் திறந்தாள், அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். என்ன பேச வந்தாள் என்று இன்றுவரை தெரியாது.

"என்னங்க, இன்னும் வல்லியா அவ?" பாப்பாயி பொடக்காளிப் பக்கம் எட்டிக் குரல் கொடுத்தாள். "ஏ தமயந்தி! அண்ணன் காத்துட்டு இருக்காப்ல. என்ன, கெணறு வெட்டற?" உள்ளேயிருந்து தமயந்தியின் குரல் வந்தது. "சும்மா இருங்கண்ணி! இப்ப வான்னாலும் வரோணுமே. கேட்ட ஒடனே ஊத்தறதுக்கு நானென்ன கொழாயா?" பாப்பாயி வயிறு குலுங்கச் சிரித்தாள், கையிலிருந்த முட்டை தப்பிவிடும் போலிருந்தது. சிரித்து முடித்துவிட்டு, குரலை இறக்கி, "ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க, கொணமாயிருமில்ல? எந்தம்பி அஸ்ஸாம் லோடுல போயிருக்கறான், போன்ல தெனம் அதையேதான் கேக்கறான். நான் என்னத்தைச் சொல்றது?" என்றாள். "கொணமாயிருங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது ஓடியது. குணமாகும், எந்த வழியில் என்பதுதான். போன் பண்ணினதை டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம். சொன்னால் இன்னொரு நாள் திடீரென்று வரச் சொல்வார். ஆனால் இன்றைக்கே டப்பாவைப் பார்த்துவிட்டாள், இனி அவளுக்கு எந்த நாளும் திடீரென்று இல்லை. திருடியாக இருந்தால் இனிமேல் தினம் ஒன்று போட்டு வைப்பாள். ஆக, இந்த வழி இன்றோடு அடைபட்டது. அடைத்தது அவர் கை. மிச்சம் இருப்பது ஒன்றுதான், கேட்பது. அம்மிணி, போட்டியா போடலையா. கேட்டால் என்ன சொல்வாள். போட்டேன் என்பாள். எல்லோரும் போட்டேன் என்பார்கள். டீச்சர் வீட்டுப்பாடம் கேட்டால் செய்தேன் என்பது மாதிரி அது வாயில் தயாராக இருக்கும். சரி, போட்டிருந்தால் ஊசி, காதுக்கு ஆபத்து, போடவில்லையென்றால் இதே மாத்திரை என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால்? அப்போது எவள்தான் போட்டேன் என்பாள், காதை வைத்துச் சோறு தின்கிறவள். போடலீங்கண்ணா, தப்புத்தானுங்க என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். சொல்லாமல் கேட்டால் பெருமை பதில் சொல்லும், சொல்லிவிட்டுக் கேட்டால் பயம் பதில் சொல்லும். அவள் எப்போது பதில் சொல்வாள். திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபாரத்தை எடுத்துப் பார்த்தார். டப்பாவில் மீதி எத்தனை, ஒண்ணுக்கு நிறம் மாறியிருக்கிறதா ஆம் இல்லை, வேறு ஏதாவது. வேறு ஏதாவதுக்கு அரை வரி இடம் விட்டிருந்தார்கள்.

தகரக் கதவு கீச்சிட்டது. சோப்புப் போட்டுக் கை கழுவுகிற சத்தம், வாளி நகர்கிற சத்தம். தமயந்தி டப்பாவைக் கறுப்பு பாலிதீன் பையில் போட்டு எடுத்து வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துக் காட்டினாள். புதுச் செங்கல்லை ஊறப்போட்ட தண்ணீர் போலிருந்தது. சந்தேகப்பட ஒன்றுமில்லை, மோகனூர்க் கோழியின் நிறம். "செவப்புதானுங்களே வரோணும்?" என்றாள். "உனக்கெப்படித் தெரியும்?" "நல்லாக் கேட்டீங்க போங்க. அஞ்சு மாசமா நாந்தானுங்களே பாக்கறேன்." அது பதில்தான். முதல் மாசமே மாத்திரையைக் கொடுக்கும்போது, சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று சொன்னது அவர்தான் என்பதும் நினைவுக்கு வந்தது. அப்படியானால் அது பதிலில்லை. தமயந்தி சிரித்துக்கொண்டு நின்றாள். "திருடியப் புடிக்க வந்தாப்லயே மூஞ்சிய வெச்சுட்டு வந்தீங்களே. இப்பச் சொல்லுங்க." பாப்பாயி கீழேயிருந்து, "பாஸா, பெயிலா?" என்றாள். பாஸான பிள்ளையின் முகம்தான் தமயந்திக்கு. மெலிந்துபோன முகம், கன்னத்து எலும்பு தெரிகிறது, ஆனாலும் பாஸான முகம். அவர் டப்பாவை மூடினார். "ஏனுங்க, அந்தக் காப்பி" என்றார் பாப்பாயியைப் பார்த்து. "அட, மழைதான் வரப்போகுது" என்று முட்டைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

எதை முதலில் சொல்வது என்று அவர் முடிவு பண்ணவில்லை. வாய் தன்பாட்டுக்கு ஆரம்பித்தது, காலையில் கை ஆரம்பித்தது போல. காலைல நான் போன் பண்ணினது தப்பு அம்மிணி, பண்ணாம வரோணும்னு சொல்லியிருந்தாங்க, அதனால இந்தச் செவப்பை வெச்சு ஒண்ணும் எழுத முடியாது என்றார். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணிலிருந்து மட்டும் இறங்கியது. அவர் நிறுத்தவில்லை. சளியில் கிருமி போகவில்லை என்றார். இரண்டு வழி என்றார். மாத்திரை சரியாகப் போடாமல் இருந்திருந்தால் ஒன்றும் குடி முழுகவில்லை, திட்ட மாட்டேன், யாருக்கும் தெரியாது, இதே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம். போட்டிருந்தால் ஊசி. ஊசியில் சில பேருக்குக் காது கேட்காமல் போயிருக்கிறது. எல்லோருக்கும் இல்லை, சில பேருக்கு. சொல்லும்போதே, தப்பித்துக்கொள்ள வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்று தெரிந்தது, மூடவும் மனசில்லை. போடலைன்னு சொல்லு அம்மிணி என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது, யாருடைய குரலென்று அவர் பார்க்கவில்லை. "இப்பச் சொல்லு. நீ சொல்றதைத்தான் எழுதுவேன்." சமையலறையில் பால் பாத்திரம் வைக்கிற சத்தம். பட்டறையில் நாலு அடி, நிறுத்தம், நாலு அடி. தமயந்தியின் கையில் போன் அடித்தது. பார்த்தாள், எடுத்தாள். "சொல்லுங்க மகாலிங்கண்ணா. ஆமாங்க, இருபத்தோரு டன், இந்தூரு. வண்டி நேத்தைக்கே காலியாயிருச்சு, டிரைவர் தூங்கறாப்ல. பதினொண்ணேகாலுக்குக் கூப்படறனுங்க." குரலில் ஒரு நடுக்கமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து போனை மடியில் வைத்தாள். எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, ஃபேன் பத்துப் பதினைந்து தடவை டக் என்றிருக்கும். இதையே ஒரு அளவாக வைத்து எண்ணலாமே என்று அவருக்கு ஓடியது, உடனே வெட்கமாக இருந்தது.

"போட்டனுங்கண்ணா" என்றாள். "எல்லா நாளுமா?" "எல்லா நாளுமே. ஒண்ணு உடலீங்க. கொமட்டற அன்னைக்கும் வாயப் பொத்திட்டு உக்காந்திருப்பனுங்க, வெளிய வந்தரக் கூடாதுன்னு." அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "போடலைன்னு சொல்லிப்போடலாம்னு இப்ப நெனச்சன். பொய் எதுக்குங்க, நெனச்சன். சொன்னா மறுக்காவும் இதையேதானுங்களே குடுப்பீங்க? இதுலதான் நிக்கலையே." எழுந்தாள். "நோட்டுல தேதி போட்டு வேளாவேளைக்கு டிக் அடிச்சு வெச்சிருக்கறனுங்க, லோடு எழுதற நோட்டுத்தான், பின்னாடிப் பக்கம். எடுத்தாறட்டுமா, பாக்கறீங்களா?" "வேண்டாம்" என்றார். கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. "வேண்டாம் அம்மிணி. உக்காரு." அவள் உட்கார்ந்தாள். அவர் ஃபாரத்தை முழங்காலில் வைத்து, முதல் இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, கீழே அரை வரி இடத்தில், கேட்டேன், எல்லா நாளும் போட்டதாகச் சொன்னார், நான் நம்புகிறேன் என்று எழுதினார். இடம் பற்றவில்லை, நம்புகிறேன் என்பது ஓரத்தில் வளைந்து கீழே இறங்கியது. ஒன்பது வருஷத்தில் அந்த ஃபாரத்தில் அந்த வார்த்தையை எழுதியதில்லை, டாக்டரம்மா அதை வைத்து என்ன செய்வார் என்றும் தெரியாது, ஒருவேளை நாளைக்கே கூட்டிட்டு வாங்க என்பார், ஊசியை எடுப்பார். கீழே கையெழுத்துப் போட்டார். தமயந்தி அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் காதுங்கண்ணா போகும்?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்தார். படித்த காகிதங்களில் எதிலும் அது இல்லை. "தெரியல அம்மிணி. மாசா மாசம் டெஸ்ட்டு வெச்சுப் பாப்பாங்க. போற மாதிரி இருந்தா நிறுத்திப்போடுவாங்க." அவள் தலையை ஆட்டினாள். போன் மறுபடி அடித்தது. எடுத்து வழக்கம்போல வலது காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு இடது காதுக்கு மாற்றி, அங்கேயும் கேட்டாள். "சொல்லுங்க," என்றாள், "நல்லாக் கேக்குது, சொல்லுங்க."